அழைப்பில்லாமல் வந்த தேவதை

போன மாதம் என் பாலே வகுப்பின் சாவியை சங்கீதாவிடம் ஒப்படைத்தேன். என்னிடம் படித்து, பிறகு என்னோடு சேர்ந்து சொல்லிக்கொடுத்தவள். சாவியை வாங்கிய கையோடு ஒரு யோசனையும் சொன்னாள்.

"ஏனுங்க மிஸ், ஆண்டு விழாவுல ஒவ்வொரு சீனுக்கும் முன்னாடி மைக்குல கதையச் சொல்லிட்டா என்னங்க? பின்னாடி ஸ்க்ரீன்ல எழுத்து ஓட விட்டாலும் சரி. பாக்கறவங்களுக்கு ஈஸியா இருக்குமுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வகுப்பு இனி அவளுடையது என்பதால் விழுங்கிக்கொண்டு, "யோசிச்சுச் செய் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். விழுங்கிய கோபம் இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாலே என்றால் என்ன என்று திருப்பூரில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. "பரதநாட்டியம் மாதிரிங்களா?" என்பார்கள். "ஜிம்னாஸ்டிக்கா?" என்பார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து, புதிதாக வந்திருக்கும் துணி ரகம் என்று நினைத்து சாம்பிள் கேட்டு மாடியேறி வந்த ஏஜென்ட் ஒருவரும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன். நுனிக்காலில் நின்று, வாய் திறக்காமல், ஆட்டத்தாலும் கையாலும் ஒரு முழுக் கதையைச் சொல்வது பாலே. அதில் அந்த 'வாய் திறக்காமல்' என்பதை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

நான் இந்த ஊர்க்காரிதான். நெசவாளர் குடும்பம். அப்பா தறியை விட்டுவிட்டு பனியன் வியாபாரத்துக்கு வந்தவர். மும்பைக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் எங்களையும் சரக்கோடு சேர்த்து அங்கேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாலே வகுப்பு நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த ஜன்னல் கம்பிதான் எனக்கு வீடு. ஒருநாள் ஆசிரியை வெளியே வந்து, "உள்ளே வா, அல்லது போய்விடு. எனக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும்" என்றார். உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு வந்த பயிற்சி வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வகுப்புச் சுவரோரம் ஓடும் கம்பியைப் பிடித்து நின்றேன், முட்டியை மடக்கினேன், நிமிர்ந்தேன். மறுநாளும் அதையே செய்தேன். கால் நகம் கறுத்து விழுந்தது, திரும்ப முளைத்தது. என் ஆட்டச் செருப்புகளைப் பார்த்த அம்மா, "செருப்புக்கு எதுக்கடி பட்டு ரிப்பனு? அதுல ரெண்டு ஜடை கட்டலாம்" என்று கடைசிவரை அங்கலாய்த்தார்.

அந்த ஆசிரியையை நாங்கள் ரோஷன் மிஸ் என்று கூப்பிடுவோம். குட்டையான உருவம், வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கையில் அதன் கூடு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால் கண்ணாடிக் கூட்டால் கம்பியை ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு நாங்கள் நடுங்கிய நடுக்கம் எந்தக் கூச்சலுக்கும் நடுங்கியிருக்க மாட்டோம். பாராட்டும் அப்படித்தான். 'ம்' என்பார். அந்த ஒரு 'ம்'முக்காக நான் வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன்.

மற்றவர்கள் காலைத்தான் கவனிப்பார்கள், ரோஷன் மிஸ் கையைக் கவனிப்பார். பாலேயில் கைக்கென்று ஒரு பாஷை உண்டு. புறங்கையால் முகத்தைச் சுற்றி வட்டம் போட்டால் 'அழகி'. தலைக்கு மேல் இரண்டு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் 'ஆடு'. இடது கை மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் 'கல்யாணம்'. இரண்டு முஷ்டிகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் கீழே இறக்கினால் 'சாவு'. இதை அவர் சொல்லிக்கொடுத்த விதம்தான் விசேஷம். காலையில் வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை ஒருத்தி எழுந்து நின்று கையாலேயே சொல்ல வேண்டும். வகுப்புக்குப் புரிகிறவரை உட்கார முடியாது. எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததை நான் ஒருமுறை சொன்னேன். வகுப்பு மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் கடல் புகுந்துவிட்டதாக நினைத்துப் பதறியது. "இவர்களுக்கே புரியவில்லையே மிஸ்" என்றேன். "பார்க்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. நீ இன்னும் சொல்லவில்லை" என்றார். அன்று நெடுநேரம் நின்றேன்.

அந்தப் பாடத்தின் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு மேடையில். ரோஷன் மிஸ்ஸின் குழுவில் சேர்ந்து ஆடத் தொடங்கிய காலம். அன்று ஆடிய கதையில் ஒரு ராஜாவுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. பெயர் வைக்கும் விருந்துக்கு எல்லாத் தேவதைகளையும் அழைத்தவர்கள் ஒருத்தியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அவள் அழைப்பில்லாமல் வந்து நின்று, இந்தக் குழந்தை வளர்ந்ததும் நூல் நூற்கும் கதிர் விரலில் குத்திச் சாகும் என்று சபிக்கிறாள். கடைசியாக ஒரு நல்ல தேவதை வந்து, சாவைத் தூக்கமாக மாற்றுகிறாள். நெடுந்தூக்கத்திலிருந்து ஒருவன் வந்து எழுப்புவான், கல்யாணம் நடக்கும். பாலே மேடைகளில் நெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் கதை இது. அன்று நல்ல தேவதை நான். சாபம் முடிந்து நான் முன்னால் வந்து நின்ற நேரத்தில் டேப் அறுந்து பாட்டு நின்றுவிட்டது.

பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் பார்த்தேன். ரோஷன் மிஸ் கண்ணாடிக் கூட்டை எடுத்து உள்ளங்கையில் தட்டத் தொடங்கினார். அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டேன். முஷ்டிகளைக் குறுக்காக வைத்து, 'இல்லை' என்று பிரித்தேன். கன்னத்தில் கைகளைச் சேர்த்துத் தலையைச் சாய்த்தேன். அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்த ஒரு குழந்தை தன் அம்மாவிடம் இந்தியில் சத்தமாகச் சொன்னது: "சாகமாட்டாம்மா, தூங்கத்தான் போறா." அரங்கமே சிரித்துக் கை தட்டியது. உள்ளே வந்தபோது ரோஷன் மிஸ் 'ம்' என்றார். அந்த நாளுக்கு ஈடாக என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் கேட்டதில்லை.

முட்டிகள் இரண்டும் போதும் தாயே என்று கும்பிடு போட்டபோது திருப்பூருக்குத் திரும்பினேன். ஒரு பனியன் கம்பெனி காலி செய்துவிட்டுப் போன மாடியைப் பிடித்தேன். சிமென்ட் தரையில் குதித்தால் குழந்தைகளின் முட்டி என்னுடையதைப் போல ஆகிவிடும். அதனால் பழைய கட்டிங் டேபிள் பலகைகளை வாங்கித் தரையாகப் போட்டேன். பிடித்து நிற்கும் கம்பியாகச் சுவரோரம் ஜி.ஐ. பைப்பு ஓடியது. ஆட்ட உடுப்புக்கு நான் எங்கும் அலையவில்லை, ஊரே துணியில் மிதக்கிறது. செக்கிங், பேக்கிங் என்று வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் வந்தார்கள். கால் பயிற்சியில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். சனிக்கிழமை கதை வகுப்புக்கு மட்டும் ஒருத்தியும் மட்டம் போட மாட்டாள்.

அந்தத் தேவதைக் கதையை அவர்கள் கேட்ட விதம் வேறு. சாபத்துக்குப் பயந்து, நாட்டிலுள்ள நூல் நூற்கும் கதிரையெல்லாம் ராஜா கொளுத்தச் சொன்னார் என்றதும், "அப்புறம் எல்லாரும் எதைப் போட்டுக்குவாங்க மிஸ்?" என்று கேட்டார்கள். மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால், "டைலரக்கா கையில ஊசி ஏறிருச்சு" என்றார்கள். அழைப்பில்லாத தேவதை சபிக்கிற இடத்தில் மும்பைக் குழந்தைகள் பயப்படுவார்கள். இங்கே வகுப்பு முழுக்க அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. "கூப்புடாம வுட்டா ஆருக்குங்க மிஸ் கோவம் வராது?" என்று கேட்டவள் தாரணி.

தாரணி அப்போது ஆறாவது படித்தாள். மேலே குதித்தால் கீழே இறங்குவதற்குக் கொஞ்சம் யோசிப்பாள், அப்படி ஒரு குதி. அதைவிடப் பெரிது அவள் கை. அவள் கையை நீட்டினால் நாம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்போம். அப்படி ஒரு பிள்ளை வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் பாக்கியம். இந்தக் கதையை முழுதாக மேடையேற்றுவது என்று முடிவானபோது, அழைப்பில்லாத தேவதை வேஷத்தை அவளுக்குத்தான் கொடுத்தேன். மறுநாளே அவள் அம்மா சுமதி வந்து நின்றார். ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். எண்ணி எண்ணிப் பேசுகிறவர்.

"ஏனுங்க மிஸ், தாரணிக்கு அந்த வேசம் வேண்டாமுங்க. பச்சக் கொழந்தைக்குச் சாவு சொல்றதுங்க. எம்புள்ள வாயில அது வரலாமுங்களா?"

"வாயே தொறக்க மாட்டாளுங்க. கையில மட்டுந்தான்."

"கையில சொன்னாலும் சாபம் சாபந்தானுங்களே."

சரி, வேஷத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அதற்கும் அவர் நகரவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றவர் பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கண்ணன் காங்கயத்துல எண்ணெ மில்லு வெச்சிருக்கறாருங்க. தாரணி காதுகுத்துக்கு அவரை நேர்ல போயி அழைக்கலீங்க. அந்த வாரம் ஷிப்மென்ட்டு, எங்க ரெண்டு பேருக்கும் நிக்க நேரமில்ல. போன்ல சொல்லி, பத்திரிகைய வாட்ஸப்புல அனுப்பிச்சுப் போட்டோம். அதுவும் சிவன்மலைக் கோயில்ல, அவரு ஊட்டுக்குப் பக்கத்துலயே வெச்சு. அவரு வரலீங்க. ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில உக்கார வெச்சுக் காது குத்திப்போட்டோம். அன்னிக்கோட பேச்சு நின்னு போச்சுங்க."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது. குழந்தையின் காதுகுத்துக்கு மடி கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். அவர் வீட்டுக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். போனில் சொன்னது அழைப்பே ஆகாது. சுமதி மேலே சொன்னார்.

"இந்தக் கதைய எம்புள்ள மேடையில ஆடுனா எங்க சொந்தம் என்ன பேசும்? கூப்புடாத தேவதை ஆருன்னு நெனைக்கும்? எங்கண்ணனைத்தான் மேடையேத்தி அசிங்கப்படுத்தறோம்னு சொல்லுமுங்க. அவ கூட்டத்துல ஒருத்தியா நின்னாலும் அந்தப் பேச்சுதான் வரும். வேசமும் வேண்டாம், கிளாஸும் வேண்டாமுங்க மிஸ்."

ஒத்திகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அதுவரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தாரணி, அம்மா படியிறங்கியதும் என்னிடம் வந்தாள். "கடைசியில கல்யாணம் வருதுல்லீங்க மிஸ்? அதுக்கு அவளைக் கூப்புட்டறலாமுங்க. மொத விசேசத்துக்கு மறந்தவங்க ரெண்டாவதுக்கும் மறந்துருவாங்களா?"

நான் ஆடிய வடிவத்தில் அப்படி ஒரு காட்சி கிடையாது. ரோஷன் மிஸ் சொல்லிக்கொடுத்ததில் ஒரு சுண்டுவிரலைக்கூட நான் அதுவரை மாற்றியதில்லை. அன்று மாலையே அவருக்கு வீடியோவில் பேசினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், ஆனாலும் அதே வெள்ளைச் சட்டை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்கள் ஊரில் கூப்பிடுகிற கை எப்படி இருக்கும்? செய்து காட்டு" என்றார்.

ஒரு தட்டை எடுத்து, வெற்றிலையும் பழமும் பூவும் வைத்ததாகப் பாவித்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"கை சரி. தோள் பொய் சொல்கிறது. உனக்குக் கூப்பிட மனமில்லை, கடமைக்கு நீட்டுகிறாய். தோளை இறக்கு."

இறக்கினேன். "இது களைப்பு" என்றார். மறுபடி செய்தேன். "இது பயம்." கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்தேன். கழுத்து நேராக இருக்க வேண்டும், கண் எதிரில் நிற்பவளின் முகத்தில் இருக்க வேண்டும், தோள் மட்டும் மூச்சோடு சேர்ந்து இறங்க வேண்டும். கடைசியில் 'ம்' என்றார். "இதையே போடு" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். சின்னப் பிள்ளைபோல நான் அந்த மாடியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன், முட்டி வலியோடு.

ராணி வேஷம் ஜெனிஃபருக்கு. பிழைப்புக்காகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண். நல்ல நிமிர்வு, அதுதான் இப்போது தொல்லையாகப் போயிற்று. தட்டை நீட்டும்போது அவள் தோள் இறங்குவேனா என்றது. சுமதி தினமும் வேலை முடிந்து வந்து, சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெனி, தோள எறக்கு கண்ணு."

"நான் ராணில்லா மிஸ்? ராணி போயி இறங்கி நின்னா நல்லாவா இருக்கும்?"

"ராணியா இருந்தா என்ன? கூப்புடாம வுட்டது இவதானே? வுட்டவதான் எறங்கிப் போகோணும். அவ வந்தா வர்றா, வராட்டிப் போறா. போய்க் கூப்புடறது நம்ம வேலை."

ஜெனியின் தோளை இறக்க வைப்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் மனதில் இல்லை. ஆனால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. சுமதி எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டார். என் வாய்தான் எனக்கு எதிரி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் இருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் தாரணி மட்டும் வந்தாள். ஒன்றும் நடக்காததுபோல ரிப்பனைக் கட்டிக்கொண்டு கம்பியருகே போய் நின்றவளிடம், "என்ன கண்ணு?" என்றேன்.

"அம்மாவும் அப்பாவும் காங்கயம் போயிட்டு வந்தாங்க மிஸ். டான்ஸ் பாக்க வரச்சொல்லித் தட்டு வெச்சு அழைச்சாங்களாமா. மாமா வாங்கி உள்ள வெச்சுட்டாராமா."

"வர்றேன்னு சொன்னாரா?"

"ஒண்ணுமே சொல்லலீங்களாமா. மோர் குடுத்தாராமா."

மோர் கொடுத்தார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. பயிற்சியைத் தொடங்கினோம்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கல்யாண மண்டபத்தில். பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அன்றுதான் ஓய்வு. மண்டபம் நிரம்பி வழிந்தது. அதற்கு முன் மேடையில் பாலே பார்த்தவர்கள் அதில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்கள். "ரெண்டு வார்த்த கதையச் சொல்லீருங்க, இல்லாட்டிச் சனத்துக்குப் புரியாதுங்க" என்று மண்டபத்து மேனேஜர் மைக்கை என் கையில் திணித்தார். நான் அதை அணைத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனேன். மூன்றாவது வரிசையில் சுமதியும் அவர் கணவரும் இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் சுமதியின் கைப்பை இருந்தது. யார் வந்து கேட்டும் அந்த நாற்காலியை அவர் விடவில்லை.

தாரணி நுழைந்தாள். விருந்தில் நின்ற ஒவ்வொரு தேவதையையும் சுட்டினாள். பிறகு தன்னைச் சுட்டி, வெறும் உள்ளங்கையை ராணியின் முன் விரித்துக் காட்டினாள். நடுவரிசையில் ஒரு அம்மாள், "அதானே! அவளையுமில்ல அழைச்சிருக்கோணும்?" என்றது எனக்கே கேட்டது. நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. முஷ்டிகள் குறுக்காக இறங்கியபோது குழந்தைகள் அம்மாக்களின் மடியில் ஒடுங்கினார்கள். தூக்கம் என்றதும் மண்டபமே பெருமூச்சு விட்டது. ஒரு வார்த்தை சொல்லாமலே ஊருக்குக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

கல்யாணக் காட்சி வந்தது. மேடையின் ஓரத்தில் தாரணி முதுகைக் காட்டி நிற்கிறாள். ராஜாவும் ராணியும் தட்டோடு அவளிடம் போகிறார்கள். நான் அமைத்திருந்தபடி, அவள் இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், மூன்றாவது முறை வாங்க வேண்டும். ஜெனியின் தோள் இறங்கியது, ரோஷன் மிஸ் கேட்ட அதே இறக்கம். தாரணி திருப்பிக்கொண்டாள். மண்டபம் 'ச்சு' என்றது. ஜெனி சுற்றி வந்து மறுபடி நீட்டினாள். தாரணி மறுபடி திருப்பிக்கொண்டாள்.

"வாங்கிக்க கண்ணு!"

மண்டபத்தின் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். எல்லாத் தலைகளும் திரும்பின. வாசல் தூணோரம் வெள்ளை வேட்டி கட்டிய ஓர் உயரமான மனிதர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் யாருமே இல்லாததுபோல அவர் சொன்னார்: "அவங்கதான் நேர்லயே வந்துட்டாங்கல்ல, வாங்கிக்க கண்ணு, வாங்கிக்க!"

மேடையில் இருக்கும்போது கீழே பார்க்கக் கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். தாரணி கீழே பார்க்கவில்லை. ராணியின் முகத்தையே பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். தட்டை வாங்கும்போது அவளுடைய தோளும் இறங்கியது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கைதட்டலில் பாட்டு கேட்கவில்லை. சுமதி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியை முந்தானையால் துடைத்தார்.